கோடு போடாத கையெழுத்து

அன்பு மகன் சேகருக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. இரண்டு நாளாக அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். "நைனா, இத்தனை வருஷத்தில் உங்கள் பேரைச் சொல்லி நான் எதுவும் கேட்டதில்லை, இதுதான் முதல் தடவை" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டாம். அவலூர்பேட்டைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உன்னைப் போட்டு ஆர்டர் வந்திருக்கிறது. அங்கே போனால் மேல்படிப்பு பாழாகிவிடும், பாம்புக்கடிக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்தே கிழவனாகிவிடுவேன், சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லி சுகாதார இலாகாவில் உங்களுக்குப் பழக்கமான அந்த அதிகாரிக்கு உங்கள் கையால் ஒரு லெட்டர் கொடுங்கள், அவர் உங்களை மறந்திருக்க மாட்டார் என்கிறாய். வாஸ்தவம். அவர் என்னை மறந்திருக்க மாட்டார். நானும் அவரை மறக்கவில்லை. அதனால்தான் நாலு வரியில் முடிய வேண்டிய பதில் நீளப்போகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு படிக்காதே. அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு படி.

மண்டியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மத்தியான வேளை, கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை. எதிரே ராஜகிரிக் கோட்டைமலை கண்கூசக் காய்ந்து கிடக்கிறது. நான் எம்எல்ஏவாக இருந்த பத்து வருஷத்தில் இதே பெஞ்சில் இதே நேரத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நீயே பார்த்திருக்கிறாய். லீவுக்கு வந்தால் வீட்டுக்குள் நுழைய வழி இல்லை என்று சிணுங்குவாய். இப்போது பெஞ்சில் மல்லாட்டை மூட்டைதான் உட்கார்ந்திருக்கிறது, நீ சென்னைக்குப் போய் வேர்க்கடலை என்கிறாயே, அது. போன தேர்தலில் தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அது பச்சைப் பொய். கல்யாணப் பத்திரிகைகளில் என் பேருக்கு முன்னால் "முன்னாள்" என்று போட்டு அச்சடிக்கிறார்கள். நானும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருகிறேன். வெட்கங்கெட்ட ஜன்மம். அந்தப் பத்து வருஷத்தில் நான் செய்த ஒரு காரியத்தை உன்னிடம் சொல்ல வேண்டும். உன் அம்மாவுக்கும் இது தெரியாது.

நம் மண்டி வழக்கம் உனக்கு நினைவிருக்கும். கடையில் உட்கார்ந்தவன் வாயில் "இல்லை" என்ற சொல் வரக்கூடாது. சரக்கு தீர்ந்துபோயிருந்தால் "வரணும்" என்பதுதான் பேச்சு. வீட்டில் உப்பு தீர்ந்தால்கூட உன் அம்மா "உப்பு நெறைஞ்சிருக்குது" என்பாளே, அது மாதிரி. உனக்கு ஏழு வயசு இருக்கும். நான் சாப்பிடப் போயிருந்தபோது புண்ணாக்கு கேட்டு வந்தவரிடம் நீ "புண்ணாக்கு இல்ல, போ" என்று சொல்லிவிட்டாய். திரும்பி வந்த நான் அவர் எதிரிலேயே உன்னை அறைந்தேன். "உள்ளதச் சொன்னேன் நைனா, எதுக்கு அடிக்கிற?" என்று கேட்டாய். அதற்கு இன்னொரு அறை வைத்தேன். சேகர், அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி. புண்ணாக்கு இல்லை. அந்த ஆள் வேறு கடைக்குப் போயிருப்பார், அவர் மாடு பட்டினி கிடந்திருக்காது. நான் "ரெண்டு நாள்ல வரணும்" என்று இனிக்க இனிக்கச் சொல்லி அனுப்பினேன். நாலு நாள் கழித்து மறுபடி வந்து வெறுங்கையோடு திரும்பினார்.

இந்தப் புத்தியைத்தான் நான் சட்டசபைக்கும் கொண்டுபோனேன். ஜெயித்த முதல் வருஷம் வந்தவர் எல்லாருக்கும் சிபாரிசு லெட்டர் கொடுத்தேன். பட்டாவுக்கு, பம்புசெட் கரண்டுக்கு, பள்ளிக்கூட ஆயா வேலைக்கு, தெருச்சண்டையில் உள்ளே போனவனை வெளியே விடச் சொல்லிக்கூட. "நம்ம எம்மெல்லே வாயில இல்லன்ற பேச்சே கெடையாது" என்று ஊர் பேச ஆரம்பித்தது. அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் தாலுகா ஆபீஸில் ஒரு அதிகாரி என் லெட்டர்களை ஒரு கட்டாகக் கட்டி என் முன்னால் வைத்தார். "சார், இதுல எது நெசம், எது சும்மான்னு நீங்களே பிரிச்சுக் குடுத்துடுங்க. எல்லாத்தையும் செய்யணும்னா எதையும் செய்ய முடியாது" என்றார். நல்ல மனிதர், கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். யாரிடமும் முடியாது என்று சொல்லவும் கூடாது, வேலையும் நடக்க வேண்டும். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தவன் நான்தான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. அவ்வளவுதான். கோடு இருந்தால் நானே நேரில் வந்து கேட்கிற மாதிரி, செய்ய வேண்டும். கோடு இல்லை என்றால், லெட்டரை வாங்கிக்கொண்டு, வந்தவன் மனசு நோகாமல் மரியாதையாகப் பேசி அனுப்பிவிட வேண்டும். எனக்குப் பழக்கமான ஏழெட்டு அதிகாரிகளிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவைத்தேன். சென்னையில் இருக்கிற அந்த அதிகாரியும் அதில் ஒருவர். அதற்குப் பிறகு எவ்வளவு சுகமாகப் போயிற்று தெரியுமா? பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு வரிசையாக எழுதிக்கொடுப்பேன். எல்லாரும் கும்பிட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு போவார்கள். நூறு லெட்டரில் கோடு வாங்கினது நாலோ ஐந்தோதான் இருக்கும். ஒரு நாள் உன் அம்மா காபி கொண்டுவந்து வைத்தவள், "இன்னாங்க இது, சில கையெழுத்துக்கு மட்டும் அடியில கோடு இழுக்கிறீங்க?" என்று கேட்டாள். "பேனா ஓடற வேகம்" என்றேன். பத்தாங்கிளாஸ் தாண்டாத பெண்பிள்ளை என்று நாம் நினைக்கிறோம். கோடு போட்டதையும் போடாததையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுபடி கேட்கவே இல்லை.

நான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைத்துவிடாதே. பனமலைக்கு பஸ் விட வைத்தேன். நாலு ஊரில் குடிதண்ணீர்க் கிணறு வெட்டவைத்தேன், அதில் மூன்றில் இன்றைக்கும் தண்ணீர் இருக்கிறது. சிங்கவரம் போகிற வழியில் ஓடைமேல் ஒரு பாலம் கட்டவைத்து என் பேர் வெட்டின கல்லும் வைத்தார்கள். இரண்டாவது மழையிலேயே பாலம் போயிற்று. கல் மட்டும் தப்பியது. போன மாசம் அந்தப் பக்கம் போனேன், ஓடைக்கரையில் அதைப் படுக்கப் போட்டு ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லாலாவது ஊருக்கு ஒரு பிரயோஜனம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது ஏழுமலை விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில் "ஏழுமலை அண்ணன் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டிருக்கிறாய். அவனை நீ மறக்க முடியாது. நம் மண்டியில் மூட்டை இறக்க சிங்கவரத்துக் காலனியிலிருந்து வருவான். உனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவன். பின்சீட்டைப் பிடித்துக்கொண்டே குளத்தங்கரைவரை ஓடிவருவான். பிடியை விட்டுவிட்டானோ என்று நீ திரும்பித் திரும்பிப் பார்ப்பாய், "வுடல தம்பி, வுடல, நீ மிதி" என்பான். என் முதல் தேர்தலில் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போய்க் கத்தினான். அவலூர்பேட்டை சந்தையில் எதிர்க்கட்சிக்காரன் எவனோ எறிந்த கல்லில் முன்பல் ஒன்று போயிற்று. ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி குழாயைத் தூக்கினான். அவனுக்கு நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், ஜெயித்த அன்றைக்கு என் கழுத்து மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டேன். பல்லுக்கு ஒரு மாலை.

இரண்டாம் தடவை ஜெயித்த வருஷம் அவன் பெண்சாதி பச்சையம்மாவுக்குச் சயரோகம் கண்டது. இங்கே ஆஸ்பத்திரியில் ஊசி போட ஆள் இல்லை, இருந்தால் மருந்து இல்லை. மருந்து வந்தால் கூலி வேலையை விட்டுவிட்டு அவளால் தினம் நடந்து வர முடியவில்லை. வாரம் ஒரு நாள் வந்துபோகிற டாக்டர் பார்த்துவிட்டு, மலையடிவாரத்தில் இருக்கிற சயரோக ஆஸ்பத்திரியில் ஆறு மாசம் படுத்தால் பிழைத்துவிடுவாள், இங்கே இருந்தால் கஷ்டம் என்றார். அங்கே படுக்கை கிடைப்பது குதிரைக் கொம்பு. படுக்கை யாருக்கு என்பது அந்தச் சென்னை அதிகாரியின் கையில் இருந்தது. ஏழுமலை இங்கே வந்து நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவன் எப்போதும் உட்கார்ந்ததில்லை. "அய்யா ஒரு லெட்டர் குடுத்தா போதும். பாப்பாவுக்கு அஞ்சு வயசுதான் ஆவுது" என்றான். அழவில்லை, தயங்கவில்லை. புண்ணாக்கு வாங்க வந்தவன் கேட்பதைப்போலத்தான் கேட்டான், அவ்வளவு நம்பிக்கை. "கவலைப்படாத, நான் இருக்கேன் இல்ல" என்றேன். அதைச் சொன்னபோது மனசாரத்தான் சொன்னேன் சேகர். இதை மட்டுமாவது நம்பு.

அதே மாசத்தில்தான் நீ டாக்டர் படிப்புக்கு அப்ளிகேஷன் போட்டிருந்தாய். சட்டசபைக் கூட்டத்துக்குப் போனவன் அந்த அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். படிப்புக்கு ஆள் எடுக்கிற கமிட்டியிலும் அவர் வார்த்தைக்கு எடை இருந்தது. உன்னைப் பற்றி நான் வாயெடுக்கும் முன்பே அவர் சிரித்துக்கொண்டு, "சார், பையன் அப்ளிகேஷன் பார்த்தேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், தப்பா நெனைக்காதீங்க. எல்லா எம்எல்ஏவும் கேக்கறாங்க. இந்த சீசன்ல உங்க கோடு ஒண்ணுக்குத்தான் என்னால மரியாதை பண்ண முடியும்" என்றார். ஒன்று. எழுந்து வந்துவிட்டேன். எம்எல்ஏக்கள் விடுதி அறையில் உட்கார்ந்து இரண்டு லெட்டர் எழுதினேன். ஒன்று உனக்கு, ஒன்று பச்சையம்மாவுக்கு. ஒரே பேனா, ஒரே மை, ஒரே மேஜை. உன் லெட்டரில் கையெழுத்துப் போட்டு, ஸ்கேல் வைத்தது போல நேராக ஒரு கோடு இழுத்தேன். அடுத்த லெட்டரில் கையெழுத்து மட்டும் போட்டேன்.

எனக்கு வேறு வழி இல்லையா என்று நீ கேட்பாய். எத்தனையோ வழி இருந்தது. அந்த அதிகாரியிடமே, என் பையனை விடுங்கள், இந்தப் பெண்ணுக்குப் படுக்கை கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மந்திரியைப் பார்த்திருக்கலாம். ஒரு தொகுதியில் ஒரு பெண்ணுக்குப் படுக்கை வேண்டும் என்றால் எம்எல்ஏவின் கோடு எதற்கு என்று சபையிலேயே எழுந்து கேட்டிருக்கலாம், அதற்குத்தானே என்னை அனுப்பினார்கள். கேட்டால் அவருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் உன் இடம் போய்விடும் என்று பயந்தேன். குறைந்தபட்சம் ஏழுமலையிடம் "என்னால முடியாதுடா, நீ வேற யாரையாவது பாரு" என்று சொல்லியிருக்கலாம். எதிர்க்கட்சிக்காரன் காலில் விழுந்தாவது அவன் ஏதாவது செய்திருப்பான். நான் "இல்லை" என்று சொல்லவில்லை. "வரணும்" என்றேன்.

ஊருக்கு வந்து நான் கொடுத்த அந்த லெட்டரை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மாரியம்மன் காலடியில் ஒரு நாள் வைத்து எடுத்தானாம். பிறகு பச்சையம்மாவைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போய், அந்த அதிகாரியைப் பார்க்கச் சென்னைக்கு ரயில் ஏறினான். மூன்று நாள் கழித்து மண்டிக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு, அந்த ஓட்டைப் பல் தெரிய. "அய்யா, உங்க லெட்டர பாத்ததும் இன்னா மரியாத தெரியுமா? என்ன நாற்காலியில உக்காரச் சொல்லிட்டாங்க. எந்த ஆபீசுலயும் என்ன உக்காருன்னு யாரும் சொன்னதில்லய்யா. டீ வாங்கிக் குடுத்தாங்க. அவளுக்கும் ஒண்ணு, எனக்கும் ஒண்ணு. எடம் வந்ததும் கார்டு போடறோம், தைரியமா போங்கன்னு சொன்னாங்க" என்றான்.

டீ. அதுதான் நான் சொல்லிவைத்த மரியாதை. கோடு போட்ட லெட்டர் கொண்டுபோகிறவனை யாரும் உட்காரச் சொல்வதில்லை, டீ கொடுப்பதில்லை. லெட்டரை வாங்கி உள்ளே அனுப்பிவிட்டு "போ, வரும்" என்பார்கள், வந்துவிடும். டீ கொடுத்தார்கள் என்றால் நடக்காது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவன் அந்த டீயைப் பற்றிக் காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அதற்குப் பிறகு தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்குக் கடைத்தெருவுக்கு வந்து நிற்பான். "காலனிக்கு ஏதாவது கார்டு?" என்று கேட்பான். ஒரு மாசம் கழித்து என்னிடம் வந்து, "மறந்துட்டாங்களோ இன்னவோ, இன்னொரு லெட்டர் குடுங்கய்யா" என்றான். உன் பேர் வருகிற லிஸ்ட் இன்னும் வெளியாகவில்லை. இரண்டாவது லெட்டரையும் கோடு போடாமல்தான் கொடுத்தேன். இந்த முறை பச்சையம்மாவால் நடக்க முடியவில்லை, அவன் மட்டும் போனான். மறுபடி நாற்காலி, மறுபடி டீ. பிறகு உனக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தோம். நீ சென்னைக்குக் கிளம்பின அன்றைக்கு உன் டிரங்குப் பெட்டியை பஸ் மேலே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினது யார் என்று நினைவிருக்கிறதா? மேலிருந்து இறங்கி உன் கையைப் பிடித்துக்கொண்டு, "படிச்சுட்டு வந்துடு தம்பி, நம்ம ஊருக்கு ஒரு டாக்டர் வோணும்" என்றான். நீ தலையாட்டினாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே மூன்றாவது லெட்டர் எழுதினேன். அவன் கேட்கக்கூட இல்லை. நானே எழுதி, கையெழுத்துக்குக் கீழே தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கோடு போட்டு, சென்னை போகிறவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன், ஏழுமலையிடமும் சொன்னேன். உன் வேலை முடிந்துவிட்டது, இனி அவர் மறுத்தாலும் எனக்கு நஷ்டமில்லை, அந்தத் தைரியம். அவர் மறுக்கவில்லை. இந்த சீசனில் ஒன்றுதான் என்றவர், வெறும் ஒன்பது நாளில் கார்டு போட்டுவிட்டார். படுக்கை ரெடி, உடனே கொண்டுவந்து சேர்க்கவும் என்று. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கார்டு வந்தபோது பச்சையம்மாவைப் புதைத்து ஆறு நாள் ஆகியிருந்தது.

அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு ஏழுமலை மண்டிக்கு வந்தான். தலை மொட்டை. கூட அந்தப் பெண்குழந்தை. என் சட்டையைப் பிடித்து உலுக்கப்போகிறான் என்று நினைத்தேன், அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கார்டை இரண்டு கையாலும் நீட்டினான். "எடம் குடுத்துட்டாங்கய்யா. அவளுக்குத்தான் குடுப்பினை இல்ல. நீங்க எவ்ளோ பாடுபட்டு வாங்குனது, வீணாப் போவக்கூடாது. பேர மட்டும் மாத்தி வேற யாருக்குனா குடுத்துடுங்க" என்றான். நான் வாங்கிக்கொண்டேன். "ஆவட்டும்பா" என்றேன். அந்தக் கார்டு கல்லாப்பெட்டியின் அடியில் இன்னும் இருக்கிறது. பேர் மாற்ற முடியாது, அதில் அவள் பேர் எழுதியிருக்கிறது.

அந்தக் கோடு இல்லாமலே உனக்கு இடம் கிடைத்திருக்கலாம். நீ நல்ல மார்க் வாங்கியிருந்தாய். கிடைக்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன வருஷம் பட்டம் வாங்கிவிட்டு வந்து, "யார் சிபாரிசும் இல்லாம பாஸ் பண்ணி வந்தேன்" என்று உன் மாமாக்களிடம் நீ சொன்னபோது உன் அம்மாவுக்கு முகம் பூரித்துப்போயிற்று. நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். நீ பொய் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். ஆனால் நீ நின்றுகொண்டிருக்கிற இடத்தில் முதலில் ஒரு பெண் படுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தனை வருஷமாக ஒரு நாள் விடாமல் தோன்றுகிறது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை சேகர். உன் தலையில் இதைக் கட்டுவது பாவம் என்றும் தெரியும். ஆனால் முதல் தடவை என்று எழுதிவிட்டாயே, அதற்குப் பிறகு எப்படிச் சும்மா இருப்பேன்?

போன தேர்தலில் எல்லாரும் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். ஏழுமலை போகவில்லை. மறுபடி தகரக் குழாயை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினான். ஒவ்வொரு ஊரிலும் என்ன சொன்னான் தெரியுமா? "என் பொஞ்சாதிக்காக மூணு லெட்டர் குடுத்தவரு, அவருக்கே ஓட்டுப் போடுங்க" என்றானாம். கேட்டுவிட்டு வந்தவர்கள் எனக்குப் பெருமையாகச் சொன்னார்கள். நான் தோற்றேன் என்று தெரிந்தபோது, உன் அம்மா அழுதபோது, எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனி யாருக்கும் லெட்டர் எழுத வேண்டாம். இந்த நிம்மதியை யாரிடமும் சொன்னதில்லை.

புத்தி சொல்கிற யோக்யதை எனக்கு இல்லை, ஆனாலும் தகப்பன் வாய் சும்மா இருக்காது. நீ எங்கே வேலை பார்த்தாலும் உன் மேஜைக்கு என்னைப்போன்றவர்களின் லெட்டர்கள் வரும். கோடு போட்டது வரும், போடாதது வரும், என்னைவிடக் கெட்டிக்காரர்கள் வேறு ஏதாவது அடையாளம் வைத்திருப்பார்கள். லெட்டரைப் பார்க்காதே, கொண்டுவந்தவனின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார். முடியாது என்றால் முடியாது என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு. திட்டுவான், திட்டட்டும். திட்டிவிட்டு வேறு கதவைத் தட்டப் போவான். எங்கள் கடையில் மட்டும்தான் "இல்லை" என்பது கெட்ட வார்த்தை.

நேற்றுக் காலையில் ஏழுமலை வந்தான். நீ டாக்டராகிவிட்டாய் என்பதும், அவலூர்பேட்டைப் பக்கம்தான் போட்டிருக்கிறார்கள் என்பதும் எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கிறது, உன் அம்மாதான் சொல்லியிருப்பாள். கூட மகள் செல்வி வந்திருந்தாள். பன்னிரண்டு வயசு, அவள் தாய் முகம் அப்படியே. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் தாவணி முனையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள், நிற்கவே இல்லை. "ரெண்டு மாசமா இப்படித்தான்யா. சாயங்காலமானா ஒடம்பு கொதிக்குது" என்றான். பயந்த மாதிரியே தெரியவில்லை. ஒரு படி பச்சை மல்லாட்டையைத் துணியில் கட்டிக்கொண்டுவந்து உன் பேர் சொல்லி வைத்தான். "சேகர் தம்பியே டாக்டராயிட்டாரு. வந்ததும் இவள காட்டிடலாம்னு இருக்கேன். இனிமே லெட்டர் வோணாம் இல்லய்யா?" என்று கேட்டான்.

நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். "தம்பி வரணும்" என்றேன்.

நீ கேட்ட லெட்டர் இதோடு இருக்கிறது. அதைக் கொடுக்க மாட்டேன் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இவ்வளவும் எழுதின பிறகும் பெற்ற பிள்ளையிடம் அந்த ஒரு சொல்லை என்னால் எழுத முடியவில்லை. பழைய லெட்டர் பேடில் தாள் மிச்சம் இருந்தது, நீ சொன்னபடியே சென்னைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோடு போடவில்லை. பேனாவை வைத்துவிட்டேன். அது என்ன கோடு, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் இப்போது உனக்குத் தெரியும். வேண்டும் என்றால் நீயே போட்டுக்கொள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஏழுமலை திங்கட்கிழமை செல்வியைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருவான், தம்பி எப்ப வராருன்னு கேட்பான். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்றால் அவர்களை உட்காரவைத்து ஆளுக்கு ஒரு டீ கொடுக்கும்படி உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் நைனா